உம்மா நிறுத்திய ஊசி

அன்று என் நெஞ்சில் எத்தனை ஸ்டெதஸ்கோப் வந்து பதிந்தது என்று தெரியாது. ஒவ்வொன்றும் சில்லென்று இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மருத்துவமனைக் கட்டிலில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். வயிற்றில் ஆறு மாதம். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவ மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு மாணவி கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் மட்டும் படித்திருந்த ஒன்று காதிலேயே விழுந்துவிட்ட சந்தோஷம். அடுத்த கணம் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டாள். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வயதில் நானும் சிரித்திருப்பேன்.

அவர்களை அழைத்து வந்தவர் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு சீனப் பெண் டாக்டர். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு முழுதாகவே புரிந்தது. "நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில், இந்த வயதுப் பெண்ணிடம், இந்தச் சத்தம் உங்களுக்கு மறுபடி கேட்கக் கிடைக்காமல்கூடப் போகலாம்."

கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த கதையைப் போன வாரம் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தால், வரிசைப்படி அடுத்து வரவேண்டியது இதுதான். இதைத் தாண்டிக் குதித்துவிடலாமா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். உம்மா மவுத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் இருந்தவரை இதை எழுதியிருக்க மாட்டேன்.

"எனக்கும் இப்படித்தான் லா"

எங்கள் வீடு தோ பாயோவில். மாமியாரும் என் கணவர் நசீரும் நானும். நசீர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முறை. அவர் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் மாமியும்தான். மாமியார் என்று எழுதினால் யாரோ போல இருக்கிறது. நான் கூப்பிட்டபடியே மாமி என்றே எழுதுகிறேன்.

நாலாம் மாதத்திலிருந்தே மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மேம்பாலம் ஏறினால் வாங்கியது. அப்புறம் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைக்குப் போய்வந்தாலே வாங்கியது. பிறகு துணி காயப்போட மூங்கில் கம்பைத் தூக்கினால்கூட நெஞ்சு படபடவென்று அடித்தது.

"எனக்கும் நசீரு வயித்துல இருந்தப்ப இப்படித்தான் லா," என்றார் மாமி. "புள்ள மேல ஏறி மூச்ச அடைக்கும். பொறந்தா சரியாயிரும்."

மாமி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாவற்றிற்கும் ஒரு 'லா' போட்டுவிடுவார். அந்த 'லா'வில் எந்தக் கவலையும் பாதியாகிவிடும்.

மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் தண்ணீருக்குள் அமுங்குவது போல இருந்தது. தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன். கடைசியில் ஹாலில் சோபாவிலேயே உட்கார்ந்தபடி தூங்கினேன். வறட்டு இருமல் வேறு. ஏசிக்குப் பழக்கமில்லை, அதனால்தான் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமைக் காலை மாமியும் நானும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோம். மீன் பகுதியில் ஈரத்தரை. வஞ்சிரமா, கொடுவாவா என்று மாமி பேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இருமல் வந்தது, நிற்கவே இல்லை. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தேன். நுரை. ரோஸ் நிறத்தில்.

மீன்காரர் தன் பிளாஸ்டிக் நாற்காலியை என் பின்னால் தள்ளினார். உட்கார்ந்தது தெரியும். மாமி என் முதுகைத் தடவித் தடவி "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்றது தெரியும். ஐஸும் மீனும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் மூக்கில் ஏறினால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

டாக்டர் கேட்ட கேள்வி

நுரையீரலில் கோத்திருந்த நீரை மருந்து கொடுத்து இறக்கினார்கள். இரண்டொரு நாளில் பேசுகிற அளவுக்குத் தேறினேன். ஸ்கேன் எடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்த மாணவர் வரிசை. அவர்கள் போனதும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நசீர் சீருடையோடு சாங்கியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வலி வருமா? காய்ச்சலோடு மூட்டு வீங்கியதுண்டா?"

"இல்லை டாக்டர்."

"அவங்களுக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல டாக்டர். நல்ல ஹெல்த்தி," என்று நசீரும் சொன்னார். எனக்காக வாதாடுகிற குரலில் சொன்னார்.

டாக்டர் வேறு மாதிரி கேட்டார். "மாதம் ஒரு முறை ஊசி போட்டிருக்கிறார்களா? இடுப்பில்? ரொம்ப வலிக்கும். போட்டபின் காலைத் தாங்கித் தாங்கி நடக்க வேண்டியிருக்கும்."

என் வலது இடுப்பில் அந்த இடம் வலித்தது. நிஜமாகவே வலித்தது.

"சத்து ஊசி," என்று தமிழில் சொன்னேன்.

சத்து ஊசி

நான் பிறந்தது காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். வாப்பா துபாயில் இருந்தார். வீட்டில் பெரியம்மா பிள்ளைகள், சின்னம்மா பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகத்தான் கிடந்தோம். மழைக்காலத்தில் ஒருவருக்குத் தொண்டை கட்டினால், அந்த வாரத்துக்குள் பாயில் படுத்த எல்லாருக்கும் கட்டும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்போம். மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொள்வோம். அதோடு சரி. தொண்டை வலிக்கு யார் டாக்டரிடம் போவார்கள்?

டாக்டர் முதலில் கேட்டபோது நினைவுக்கு வராதது, ஊசி என்றதும் வந்தது. ஒரு தடவை எனக்குத் தொண்டை வலி போனபின் காய்ச்சல் வந்தது. முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. அது வடிந்ததும் முழங்கை வீங்கியது. பிறகு கணுக்கால். போர்வை பட்டால்கூடக் கத்துவேன். உம்மா என்னைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கிருந்து ஆரம்பித்ததுதான் அந்த ஊசி. சின்னக் கண்ணாடிப் புட்டியில் வெள்ளைப் பொடி இருக்கும். நர்ஸம்மா தண்ணீர் ஏற்றி உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார். பால் போலக் கெட்டியாகும். அந்த உருட்டலைப் பார்த்ததுமே எனக்கு அழுகை வந்துவிடும். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் உம்மா சேமியா ஐஸ் வாங்கித் தருவார். ஐஸை நக்கிக்கொண்டே நொண்டி நொண்டி நடப்பேன்.

"எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று யாராவது கேட்டால் உம்மா சொல்வார், "புள்ள ஒல்லியா இருக்கால்ல, சத்து ஊசி."

நானும் அப்படியே நம்பினேன். பிறகு நான் பெரிய மனுஷி ஆனேன். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் உம்மாவிடம், "ஒம் மவ ஏன் மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போறா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஊசி கிடையாது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அது பென்சிலின். பழைய மருந்து, விலையும் சொற்பம். டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். தொண்டையில் வரும் ஒரு கிருமியோடு சண்டை போடுகிற உடம்பு, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த இதயத்தின் வால்வையும் தாக்கிவிடுகிறது. ஒவ்வொரு தொண்டை வலியிலும் மறுபடி தாக்குகிறது. வால்வு தழும்பேறி ஒட்டிக்கொள்கிறது. மாதா மாதம் அந்த ஊசியைப் பல வருஷம் போட்டால் கிருமி அண்டாது. நிறுத்தினால், பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, கர்ப்பக் காலத்தில் இதயத்துக்கு வேலை கூடும்போது வெளியே தெரியும்.

இந்தியாவில், ஆப்பிரிக்காவில், பசிபிக் தீவுகளில், நெருக்கியடித்து வாழ்கிற வீடுகளில் இன்னும் பிள்ளைகளுக்கு இது வருகிறது என்றார். "உங்களைப் போல எத்தனையோ பெண்களுக்குப் கர்ப்பத்தில்தான் தெரியவருகிறது," என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை.

"யாரு கேட்டா?"

அன்று சாயங்காலம் படுக்கையிலிருந்தே ஊருக்குப் போன் செய்தேன். பக்கத்து நாற்காலியில் மாமி. ஜன்னலோரம் நசீர்.

"உம்மா, சின்னப் புள்ளையில எனக்குப் போட்டீங்களே, அது என்ன ஊசி?"

அந்தப் பக்கம் காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. தெருவில் யாரோ மீன் கூவினார்கள்.

"யாரு கேட்டா?" என்றார் உம்மா.

என்ன ஊசி என்று சொல்லவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்றும் கேட்கவில்லை. யாரு கேட்டா. அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த மாமிக்கும் விளங்கியிருக்கும். அவர் எழுந்து என் போர்வையைச் சரிசெய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நசீர் வெளியே போய்விட்டார். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். "ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மச்சான்."

"சரி."

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விட்டதால்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

அசர் வரைக்கும்

ஒட்டிக்கொண்ட வால்வைப் பலூன் விட்டு விரிப்பார்கள். கர்ப்பத்தோடேயே அதைச் செய்வதும் உண்டாம். எனக்கு முடியாது என்றார்கள். வால்வு சுண்ணாம்பு போல இறுகிப்போய், அதோடு கசியவும் செய்தது. மாத்திரையும் ஓய்வுமாகக் குழந்தையை இன்னும் சில வாரம் உள்ளே வைத்திருக்கப் பார்த்தார்கள். வார்டு ஜன்னல் வழியே நகரம் பளிச்சென்று தெரியும். இத்தனை வசதியும் சுற்றி நின்று காத்திருந்தது. கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு நாள் விடிந்ததும் மறுபடி அந்த ரோஸ் நுரை. அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் என்னை எண்ணச் சொன்னார். நான் கலிமா சொன்னேன்.

பெண் குழந்தை. காலையில் பிறந்து, பிற்பகல் அசர் தொழுகை நேரம் வரை இருந்தாள். நசீர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, வாயைப் பக்கத்தில் கொண்டுபோய் அவள் காதில் பாங்கு சொன்னாராம். நூர் என்று பெயர் வைத்தார். சுவா சூ காங்கில் அடக்கம் செய்துவிட்டு வந்தபோது நான் இன்னும் குழாய்களோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன்.

நான் அவளைப் பார்க்கவே இல்லை.

"ஒன் மூக்கு," என்று மட்டும் நசீர் சொன்னார். இன்றைக்கும் முகம் கழுவும்போது மூக்கைத் தொட்டுப் பார்ப்பேன். அவளிடம் எனக்கு மிச்சம் இருப்பது அதுதான்.

அடுப்படியில் இரண்டு தாய்மார்

நான் வீடு திரும்பியதும் உம்மா திருச்சியிலிருந்து விமானம் பிடித்து வந்தார். பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் வர இருந்தவர். கதவில் நின்றபோது பாதியாகத் தெரிந்தார். மாமி "வாங்க சம்பந்தி" என்றார். அதோடு பேச்சு நின்றது. நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள்.

மறுநாள் நண்பகல் நான் சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். அடுப்படியில் மாமி வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. உம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னைய நாலு வார்த்த ஏசிருங்க சம்பந்தி. ஏசாம இருக்கிறதுதான் தாங்கல."

கத்திச் சத்தம் நின்றது. இதோ வெடிக்கப்போகிறது என்று நான் இறுகிப்போனேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா," என்றார் மாமி. "மைமூனு. நசீருக்குக்கூட நான் சொன்னதில்ல."

மாமியின் குடும்பம் அப்போது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்ததாம். பலகை வைத்துத் தடுத்த அறைகள். ஒரு அறைக்கு ஒரு குடும்பம். மைமூனுக்கும் மூட்டு வீக்கம், காய்ச்சல், பிறகு மூச்சு. பெரிய ஆஸ்பத்திரியில் அதே மாதிரிப் பிள்ளைகளுக்கென்று வரிசையாகக் கட்டில் இருந்ததாம். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், எல்லாரும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்களாம்.

"அப்ப இந்த ஊர்லயும் இருந்துச்சு சம்பந்தி. அப்புறம் புளோக் வீடு வந்துச்சு, ஜன்னல் வந்துச்சு, கிளினிக் வந்துச்சு. எல்லாரும் மறந்துட்டோம். நானும் மறந்துட்டேன். இவ சோபாவுல ஒக்காந்து தூங்குறத தெனமும் பாத்தேன். மைமூனு நெனப்பு எனக்கு வரலயே."

உம்மா ஏதோ சொல்ல வந்தார். மாமி விடவில்லை.

"எங்க ராத்தாவ, மூத்தவளப் பொண்ணு பாக்க வந்தாங்க. எங்க உம்மா மைமூன உள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டாங்க. இருமல் கேட்டுரும்னு ரேடியோவ சத்தமா வைக்கச் சொன்னாங்க. வச்சது நான்தான். உள்ள அவ இரும இரும நான் சத்தத்தக் கூட்டினேன். பன்னெண்டு வயசுகூட ஆகல, போய்ட்டா."

மறுபடி வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒங்க எடத்துல நான் இருந்தாலும் மறைச்சுத்தான் இருப்பேன். வாங்க, வந்து பூண்ட உரிங்க."

உம்மா அழுதது எனக்குக் கேட்டது. மாமி அழுதாரா, வெங்காயமா என்று தெரியவில்லை.

புது வால்வு

சில வாரம் கழித்து நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அறை அமைதியாக இருந்தால் வாட்சு மாதிரி சத்தம் கேட்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை. முருங்கைக்கீரையை இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் எப்போதும் ஒரே அளவு. நுரையீரலில் அழுத்தம் ஏறிவிட்டதால் இன்னொரு கர்ப்பம் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் என்னையும் நசீரையும் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். உயிருக்கே ஆபத்து என்றார். நசீர், "இவ இருந்தா போதும் டாக்டர்," என்றார். தமிழில் சொன்னார். டாக்டருக்குப் புரிந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனை வரிசையில் பிற்பாடு ஒருவரைச் சந்தித்தேன். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி. அவருக்கும் இதே வால்வு, இதே ஊசி. "எங்க ஊர் ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் மருந்தே வரலக்கா. போய்ப் போய்ப் பாத்துட்டு எங்கம்மா விட்டுட்டாங்க," என்றார். யாரும் எதையும் மறைக்காமலேயே அவருக்கும் இதுதான் நடந்திருக்கிறது. உம்மாவின் மேல் எனக்கிருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அன்று தெரியாமல் போயிற்று.

சாங்கியில்

ஆபரேஷன் முடிந்து நான் நடமாடத் தொடங்கும் வரை விசாவை நீட்டித்துக்கொண்டு உம்மா கூட இருந்தார். பிறகு கிளம்பும் நாள் வந்தது. நசீர் பெட்டியை எடை போட வரிசையில் நின்றார். நானும் உம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சக்கரப் பெட்டிகள் கடகடவென்று போய்க்கொண்டிருந்தன.

"ஊசிய நிறுத்துனது கல்யாணத்துக்காக மட்டும் இல்ல புள்ள," என்றார் உம்மா. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒவ்வொரு தடவையும் நாந்தான் ஒன் கால அமுக்கிப் புடிப்பேன். நீ அலறுவே. ஒரு தடவ போற வழியில, 'வேணாம்மா, வேணாம்மா'ன்னு என் கைய எடுத்து முத்துனே. அடிச்சிருந்தா, கடிச்சிருந்தா இழுத்துட்டுப் போயிருப்பேன். முத்துனே புள்ள. அதுக்கப்புறம் எனக்கு மனசே இல்ல. அந்தக் கல்யாண வீட்டுல அவ கேட்டா பாரு, அது எனக்கு ஒரு சாக்காப் போச்சு."

எனக்கு அந்த முத்தம் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. ஊசி நினைவிருக்கிறது, ஐஸ் நினைவிருக்கிறது.

"உம்மா," என்றேன். உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னால் அது பொய். தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

நசீர் திரும்பி வந்தார். எழுந்தோம். உள்ளே போகும் வாசலில் உம்மா என் கன்னத்தைத் தடவினார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி இறக்கி வைத்துவிட்ட தெளிவு.

"அதான் புது வால்வு போட்டாச்சே. அல்லாஹ் குடுப்பான். அடுத்ததுக்கு நான் முன்னாடியே வந்துர்றேன். அஞ்சாம் மாசமே வந்துர்றேன்."

நசீர் சட்டென்று தலையைத் திருப்பி அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

"கண்டிப்பா வாங்க உம்மா," என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அது. யோசிக்கக்கூட இல்லை. உம்மா சிரித்துக்கொண்டே, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

ரயிலில் வரும்போது நசீர் கேட்டார், "ஏன் சொல்லல?"

"இப்பதான் மச்சான் அவங்க முகம் தெளிஞ்சிருக்கு."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவரும் உம்மாவிடம் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த மாமியும் சொல்லவில்லை.

உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்துக்குப் போன் செய்வார். மழை பெய்ததா, மாத்திரை சாப்பிட்டாயா, சம்பந்தி நலமா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏதாச்சும் விசேஷம் உண்டா புள்ள?" என்பார்.

"இன்னும் இல்லம்மா," என்பேன்.

வருஷக்கணக்காக அப்படித்தான் சொன்னேன். அவர் மவுத்தாவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் சொன்னேன். இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். 'இன்னும்' என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன்.